மண்ணுக்கும் ஒரு செலவுக் கணக்கு

மாதக் கடைசியில் கணக்கு நோட்டை விரித்து வைத்துக் கொண்டு உட்காரும் குடும்பத் தலைவிக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். பெரிய செலவுகள் யாரையும் ஏமாற்றுவதில்லை. வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், மளிகைக் கடைப் பாக்கி எல்லாம் சொல்லிக் கொண்டுதான் வருகின்றன. பெட்டியைக் காலி செய்பவை சில்லறைச் செலவுகளே. அன்றன்றைக்குக் கண்ணில் படாது. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்தான் தலை சுற்றும்.

நம் வயல்களிலும் புன்செய்க் காடுகளிலும் இப்படி ஒரு சில்லறைச் செலவு ஓயாமல் நடந்து கொண்டிருக்கிறது. செலவாவது பணமல்ல, மண். செலவு செய்வது யார் தெரியுமா? நாம் வருந்தி வருந்தி அழைக்கிற மழைதான்!

ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது சற்றே குனிந்து அடையாற்றைப் பாருங்கள். பாலைக் குறைத்துப் போட்ட டீயின் நிறத்தில் தண்ணீர் ஓடும். மேகத்திலிருந்து விழுந்தபோது அதற்கு நிறம் கிடையாது. வழியில் யாரிடமிருந்தோ வாங்கிக் கொண்டு வந்த நிறம் அது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி இரவு இதே அடையாறு கரை புரண்டதே, நினைவிருக்கிறதா? வெள்ளம் வடிந்த பிறகு, கரையோரத்து வீடுகளில் இருந்த பெண்மணிகள் நாள் கணக்கில் வாரிக் கொட்டியது தண்ணீரை அல்ல, சேற்றை. அதில் நகரத்துக் குப்பையும் சாக்கடையும் ஆற்றுப் படுகை மண்ணும் இருந்தன. மேற்கே உள்ள ஊர்களின் நிலத்து மண்ணும் அதில் கலந்திருந்தது.

இப்படிப் போகிற மண் எவ்வளவு? அதை எப்படி அளப்பது? அளந்து என்ன பிரயோசனம்? இந்த வாரம் இதைக் கொஞ்சம் பார்ப்போம்.

இந்தக் கேள்வியைச் சைதாப்பேட்டையில் நின்று கேட்பதற்கு ஒரு விசேஷப் பொருத்தமும் உண்டு. கோர்ட்டும் மார்க்கெட்டும் ரயில் நிலையமும் ஜனக் கூட்டமுமாக இருக்கும் இன்றைய சைதாப்பேட்டையில் வயலைத் தேடினால் கிடைக்காது. ஆனால் சர் வில்லியம் டெனிசன் சென்னைக் கவர்னராக இருந்த காலத்தில், 1865-இல், இங்கே சர்க்கார் மாதிரிப் பண்ணை ஒன்று ஏற்பட்டது. புதுப் பயிர்களையும் புதுக் கலப்பைகளையும் இந்த ஊர் மண்ணில் பரீட்சை செய்து பார்த்தார்கள். 1868-இல் இங்கே ஆரம்பித்த விவசாயப் பள்ளியைத்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன்னுடைய மூலமாகச் சொல்லிக் கொள்கிறது. 1906-இல் அது கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. "பாட்டன் சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார் என்பது போதாது; நிலத்தில் செய்து, அளந்து பார்" என்கிற பழக்கம் நம் பக்கத்து விவசாயத்தில் வேரூன்றிய இடங்களில் சைதாப்பேட்டையும் ஒன்று. மண் அரிப்பை அளக்கும் வித்தையும் அந்தப் பழக்கத்தின் ஒரு கிளைதான்.

மாவுத் தட்டில் மழைத்துளி

மண்ணை அடித்துக் கொண்டு போவது ஓடுகிற தண்ணீர் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஆராய்ச்சிக்காரர்களும் வெகு நாள் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில், ஓடுகிற தண்ணீர் மூட்டையைத் தூக்கும் கூலியாள்தான். மூட்டையை அவிழ்த்துக் கொடுப்பது மழைத்துளி.

பெருமழையில் விழும் ஒரு பெரிய துளி 5 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும். அது மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர் வேகத்தில் வந்து தரையில் மோதுகிறது. வெறும் தரையாக இருந்தால் மண் கட்டி உடைந்து, பொடி இரண்டடி உயரம்கூடத் தெறிக்கும். உங்கள் வீட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்களேன். மழைக்காலம் முடிந்ததும், தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் புள்ளி குத்தியிருக்கும். சிமெண்டு போட்ட இடத்தில் இராது, புல் அடர்ந்த இடத்திலும் இராது, வெறும் மண் தரை உள்ள பக்கத்தில் மட்டும் இருக்கும். மழைத்துளி மண்ணை உடைக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. 1944-இல் எல்லிசன் என்ற அமெரிக்க நிபுணர் இதைச் சோதனை செய்து எழுதிய பிறகுதான் நிபுணர்களின் பார்வை ஓடைத் தண்ணீரை விட்டுத் துளியின் பக்கம் திரும்பியது.

சரி, விழுந்தவுடன் உடைந்து போகிற துளியை அளப்பது எப்படி? இங்கேதான் சமையலறை விஞ்ஞானத்துக்குக் கை கொடுத்தது. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் வில்சன் பெண்ட்லி என்ற குடியானவர் இருந்தார். பனித் திவலைகளைப் படம் பிடித்துப் பேர் வாங்கியவர். அவர் ஒரு தட்டில் சலித்த மாவைப் பரப்பி, மழையில் சில விநாடி காட்டி, சட்டென்று உள்ளே இழுத்துக் கொண்டார். ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் மாவைச் சேர்த்துக் கொண்டு ஒரு சின்ன உருண்டை ஆயிற்று. உருண்டையைக் காய வைத்து அளந்தால் துளியின் அளவு தெரிந்து விடும்! 1904-இல் அவர் இதை எழுதினார். 1943-இல் லாஸ், பார்சன்ஸ் என்ற இருவர் இதே யுக்தியால் மாவு உருண்டைகளை அடுப்பில் சுட்டு, சல்லடையில் சலித்து, எடை போட்டு, எவ்வளவு வலுத்த மழையில் எவ்வளவு பெரிய துளி என்று பட்டியல் தயாரித்தார்கள். மழையின் பலத்தைக் கணக்கிடும் அளவைகள் பல இந்த மாவு உருண்டைகளிலிருந்து உருண்டு வந்தவைதாம். அடுத்த மழைக்கு நீங்களும் ஒரு தட்டு மாவு செலவழித்துப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு நல்ல பாடம்.

நாலு புடவை நீள நிலம்

துளியை அளந்தாயிற்று. போன மண்ணை அளக்க வேண்டாமா?

அதற்குச் சரிவான நிலத்தில் ஒரு பாத்தி கட்டுகிறார்கள். வெளித் தண்ணீர் உள்ளே வராமலும் உள் தண்ணீர் வெளியே போகாமலும் சுற்றிலும் தகடு பதிக்கிறார்கள். கீழ்க் கோடியில் ஒரு தொட்டி. பாத்தியில் பெய்த மழையில் ஓடி வருகிற தண்ணீரும் அது கொண்டு வரும் மண்ணும் தொட்டியில் வந்து சேரும். அமெரிக்கர்கள் வகுத்த பாத்தியின் நீளம் 72.6 அடி. ஆறு கஜப் புடவை நான்கை நுனியோடு நுனி சேர்த்து விரித்தால் ஏறக்குறைய அந்த நீளம் வந்து விடும். அதென்ன 72 அடியும் ஒரு துண்டும் என்று கேட்பீர்கள். அகலம் 6 அடி. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். சரியாக ஓர் ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு வரும். தொட்டியில் சேர்ந்ததை நூறால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. எல்லாம் கணக்குப் பிள்ளையின் சௌகரியத்துக்காகத்தான்!

பெருமழையில் அத்தனை தண்ணீரையும் பிடித்து வைக்க ஒரு குளமே வேண்டும். ஆகவே தொட்டியின் விளிம்பில் ஒரே அளவான ஒன்பது கண்கள் வைத்து, எட்டை வெளியே விட்டு, ஒன்றை மட்டும் அடுத்த தொட்டிக்குத் திருப்புகிறார்கள். பிறகு சேற்று நீரை நன்றாகக் கலக்கி, ஒரு லிட்டர் எடுத்து, சுண்ட வைத்து, மிஞ்சிய மண்ணை நிறுத்துப் பார்க்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம் பாட்டி சாஸ்திரமேதான்.

இதை ஒரு மழைக்குச் செய்தால் போதாது. ஒவ்வொரு மழைக்கும், வருஷக் கணக்கில், உழுத நிலத்துக்கும் உழாத நிலத்துக்கும், சோளத்துக்கும் புல்லுக்கும் தனித் தனியாகச் செய்ய வேண்டும். நம் நாட்டில் 1930-களிலேயே ஷோலாப்பூரில் மானாவாரி ஆராய்ச்சியின்போது இப்படி அளந்தார்கள். நமக்கு அருகில் உதகமண்டலத்தில் 1954 முதல் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இந்த வேலையைச் செய்து வருகிறது. அங்கே கண்ட ஒரு கணக்கைக் கேளுங்கள். நூறடிக்கு இருபத்தைந்தடி இறங்குகிற சரிவில் மேலும் கீழுமாக உழுது உருளைக் கிழங்கு போட்டால், ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், வருஷத்துக்குச் சுமார் 39 டன் மண் போயிற்று. அதே சரிவைப் படிக்கட்டுப் போல் வெட்டிப் பயிர் செய்தபோது போனது ஒரு டன்னுக்கும் குறைவு!

மலை அதுதான், மழை அதுதான், கிழங்கும் அதுதான். மாறியது மனிதன் நிலத்தை வைத்திருந்த விதம் ஒன்றே.

ஆறு எண்கள்

ஆனால் ஊர் ஊருக்கு, வயலுக்கு வயல் பாத்தி கட்டித் தொட்டி வைக்க முடியுமா? முடியாது. அங்கே அளந்ததைக் கொண்டு இங்கே கணிக்க ஒரு வழி வேண்டும். அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையில் 1954-இல் இதற்கென்று ஒரு கணக்கு நிலையம் ஏற்பட்டது. 49 இடங்களிலிருந்து கணக்கு நோட்டுகள் அங்கே வந்து குவிந்தன. ஒரு பாத்தியை ஒரு வருஷம் அளந்தால் ஒன்று என்று வைத்துக் கொண்டால், பத்தாயிரத்துக்கு மேல் ஆயிற்று. வால்டர் விஷ்மையர், ட்வைட் ஸ்மித் என்ற இருவர் அத்தனையையும் அரைத்துச் சலித்து 1965-இல் ஒரு சூத்திரத்தைத் தந்தார்கள். 1978-இல் அதைத் திருத்தினார்கள். ஆறு எண்களைப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் எண் மழையின் பலம். எத்தனை அங்குலம் பெய்தது என்பது மட்டும் அல்ல. நாள் முழுவதும் தூறுகிற மழை சாது. அரை மணியில் கொட்டித் தீர்க்கிற மழைதான் முரடு. ஆகவே மழையின் மோதும் சக்தியோடு, மிகக் கடுமையாகப் பெய்த அரை மணி நேரத்தின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இரண்டாவது, மண்ணின் குணம். சில மண் பிடித்த பிடியை விடாது, சில மண் தொட்டால் கரையும். மூன்றாவது சரிவின் நீளம், நான்காவது அதன் செங்குத்து. ஐந்தாவது, நிலத்தை மூடியிருப்பது என்ன? வெறும் தரைக்கு 1 என்றால், நன்றாக மூடிய புல் தரைக்கு நூற்றில் ஒரு பங்கு, அல்லது அதிலும் குறைவு. ஆறாவது, பாதுகாப்பு. சரிவுக்குக் குறுக்கே உழுவது, வரப்புப் போடுவது முதலியவை. மிதமான சரிவில் குறுக்கே உழுதாலே இழப்பு ஏறக்குறையப் பாதி குறையும்.

இதைக் கூட்டல் கணக்காக வைக்காமல் பெருக்கல் கணக்காக வைத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. கூட்டலில் ஒன்று குறைந்தால் கொஞ்சம் குறையும். பெருக்கலில் ஒன்று சுருங்கினால் மொத்தமே சுருங்கி விடும். உதாரணத்துக்கு ஒரு வெற்று நிலம் ஏக்கருக்கு 40 டன் இழக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பயிரும் சருகும் மூடி, ஐந்தாவது எண் 0.3 ஆனால், இழப்பு 12 டன். குறுக்கே உழுது ஆறாவது எண் 0.5 ஆனால், 6 டன். மழையை மாற்ற நம்மால் ஆகாது, மலையை நகர்த்த ஆகாது, மண்ணின் பிறவிக் குணத்தையும் எளிதில் மாற்ற ஆகாது. சரிவின் நீளத்தை வரப்புப் போட்டுத் துண்டாக்கலாம். கடைசி இரண்டு எண்களும் முழுக்க விவசாயி கையில் இருக்கின்றன. "விதி" என்று சொல்லிக் கொண்டிருந்த விஷயத்தில் எவ்வளவு பங்கு விதி, எவ்வளவு பங்கு நாம் என்று பிரித்துக் காட்டியதுதான் இந்தச் சூத்திரத்தின் பெரிய உபகாரம்.

இதற்கும் எல்லை உண்டு. இது பல வருஷத்துச் சராசரியைச் சொல்லுமே தவிர, நாளைய மழையில் எவ்வளவு போகும் என்று ஜோசியம் சொல்லாது. பெரிய பள்ளமாகப் பறித்துக் கொண்டு போகிற அரிப்பு இந்தக் கணக்கில் சேராது. மேட்டில் கிளம்பிய மண் பாதி வழியில் படிந்து விட்டதா, ஆற்றுக்கே போய் விட்டதா என்பதும் சேராது. ஒரு நாட்டில் அளந்த எண்ணை இன்னொரு நாட்டில் அப்படியே வைக்கவும் கூடாது. கம்ப்யூட்டரும் செயற்கைக் கோள் படங்களும் வந்த பிறகு, இதைவிட நுட்பமான முறைகள் வந்திருக்கின்றன. ஆனாலும் அவற்றைச் சரி பார்க்க, தொட்டியும் தராசும் இன்றும் தேவைப்படுகின்றன.

விசித்திரமான இன்னொரு வழியும் இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் ஆகாயத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன அல்லவா? அப்போது சீஸியம்-137 என்ற தூள் உலகமெங்கும் மழையோடு இறங்கி, மண்ணில் கெட்டியாக ஒட்டிக் கொண்டது. 1963-ஐ ஒட்டி இறங்கியதே மிக அதிகம். கலையாத நிலத்தில் அது எவ்வளவு இருக்கிறது, உழுத நிலத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒப்பிட்டால், இடையில் எவ்வளவு மண் போயிற்று என்று தெரியும். பொல்லாத காரியத்திலும் மண்ணின் கணக்கு ஒன்று எழுதப்பட்டு விட்டது!

நாட்டின் பற்றுச் சீட்டு

நம் நாட்டுக்கு மொத்தத்தில் எவ்வளவு செலவு? துருவநாராயணா, ராம்பாபு என்ற இரு நிபுணர்கள் 1983-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். வருஷத்துக்குச் சுமார் 533 கோடி டன் மண் இடம் பெயர்கிறது. அதில் நூற்றுக்கு 29 பங்கு கடலுக்கே போய் விடுகிறது. 10 பங்கு அணைகளில் படிகிறது. மிச்சம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தில் போய்ச் சேர்கிறது.

சராசரியாக ஏக்கருக்கு ஆறரை டன்னுக்கு மேல் வருகிறது. 25 கிலோ அரிசி மூட்டையாக நினைத்துப் பார்த்தால் 260 மூட்டைக்கு மேல்! இவ்வளவு போனால் விவசாயிக்குத் தெரியாதா? தெரியாது. இத்தனை மண்ணையும் அந்த ஏக்கரிலேயே பரப்பினால் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூட இராது. அடுத்த உழவில் அந்தத் தடயமும் மறைந்து போகும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத திருட்டு என்பதால்தான் தொட்டியும் தராசும் சூத்திரமும் வேண்டியிருக்கிறது. போவதோ மேல் மண். எருவும் சத்தும் ஈரமும் தங்கியிருக்கிற பாலாடை. ஓர் அங்குல மண் உண்டாக நூற்றுக் கணக்கான வருஷம் பிடிக்கும். மேல் மண் போனால் உரச் செலவு ஏறும், விளைச்சல் இறங்கும். விளைந்ததன் விலை நம் வீட்டுக் கணக்கு நோட்டில் வந்து உட்காரும்.

இன்னொரு வழியிலும் அது நம் வீட்டுக்கு வருகிறது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. 93 டி.எம்.சி.க்கு மேல் நீர் கொள்ளும்படி கட்டியது. அதன் அடியில் சேர்ந்த வண்டலை எடுக்க முதன் முதலாக வேலை துவங்கியது 83 வருஷம் கழித்து, 2017-இல். குடத்துக்குள் கால் பங்கு மண்ணைப் போட்டு விட்டு, முழுக் குடம் தண்ணீர் கேட்டால் கிடைக்குமா? 2019 ஜூன் மாதம் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏரியில் படிகிற ஒவ்வொரு கூடை மண்ணும் ஒரு கூடைத் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. நம் முன்னோர் கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கே திருப்பி அடித்தார்கள். போன பணத்தை வட்டியோடு மீட்கிற புத்திசாலித்தனம் அது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பட்டணத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள்.

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் தரை இருந்தால் அதை வெறுமையாக விடாதீர்கள். மரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்து விடவும் கூடாது. உயரமான மரத்தின் இலைகளில் சேர்ந்து சொட்டுகிற துளி, மழைத்துளியைவிடப் பெரிதாகவும் இருக்கும். மண்ணுக்குக் குடை மரம் அல்ல, மரத்தடிச் சருகு. அதைத் தினம் ஒட்டப் பெருக்கிக் குப்பை வண்டியில் போடுவது குடையைப் பிடுங்கி எறிவதற்குச் சமானம்.

ஊரில் பாகம் பிரித்த நிலம் ஏதாவது உங்கள் பேரிலோ உங்கள் வீட்டுக்காரர் பேரிலோ இருக்கிறதா? குத்தகைக்கு விட்டிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது வரப்போரத்து வேப்ப மரத்தைப் பாருங்கள். வேர்கள் தரைக்கு மேல் எலும்புக் கூடு மாதிரி தெரிந்தால், தரை கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஓர் இரும்புக் கம்பியைத் தரையோடு தரையாக, உழவு படாத ஓரத்தில் அடித்து வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தரம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து எழுதுங்கள். சர்வகலாசாலைக் கருவி ஒன்றும் வேண்டாம்.

வரப்பு ஓரத்தில் வெட்டிவேர் நடச் சொல்லுங்கள். கோடையில் பானைத் தண்ணீரில் போடுவோமே, அதேதான். அதன் வேர் பக்கவாட்டில் பரவிப் பயிரோடு சண்டைக்குப் போகாது, நேரே ஆழமாக இறங்கும். தண்டுகள் நெருக்கமாக நின்று, வருகிற தண்ணீரை வடிகட்டி மண்ணை நிறுத்திக் கொள்ளும். மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் வெகு காலமாக நில எல்லையில் அதை நட்டு வந்திருக்கிறார்கள். 1980-களில் உலக வங்கி நிபுணர்கள் அதைக் கண்டு வியந்து, பல தேசங்களுக்கும் சிபாரிசு செய்தார்கள்.

கடைசியாக ஒன்று. குத்தகைக்காரர் நெல்லோ கடலையோ பணமோ கொண்டு வந்து கொடுக்கிறபோது, "இந்த வருஷம் எத்தனை மூட்டை?" என்று கேட்பது நம் வழக்கம். அதோடு, "சரிவுக்குக் குறுக்கே உழுதீர்களா? அறுத்த தாளை நிலத்திலேயே விட்டீர்களா?" என்றும் கேளுங்கள். வரப்புப் போடவும் வெட்டிவேர் நடவும் ஆகிற செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக் கொண்டால் இன்னும் நல்லது. ஏனென்றால் மூட்டை அவருடைய வரவு. மண் உங்கள் பேரக் குழந்தைகளுடைய முதல்.